கம்பர்லேண்ட் தீவில் வழிமறித்த குதிரை

படகில் போய்த் தீவில் இறங்கியவர்கள் எழுதச் சொன்னீர்கள். என்னுடையது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தென்கோடியில், கடலுக்கும் கரைக்கும் நடுவே அரணாகக் கிடக்கும் கம்பர்லேண்ட். நண்பரின் 30 அடி பாய்மரப் படகில், ஃபுளோரிடாவின் ஃபெர்னாண்டினாவிலிருந்து ஒரு காலைப் பயணம். தீவுக்குப் பாலம் கிடையாது, கடையும் கிடையாது. சாப்பாட்டைக் கொண்டுபோய், குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

சீ கேம்ப் துறைக்கு எதிரே நங்கூரம் போட்டோம். ஆழம் 12 அடி, படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் 4 அடி, ஆக 16. நங்கூரம் பிடித்து நிற்கக் கயிறு இதைப்போல ஐந்து மடங்கு வேண்டும் என்று 80 அடி விட்டோம். கணக்கு சரிதான். ஆனால் அது வற்றம், கடல்நீர் இறங்கியிருக்கும் நேரம், என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. அங்கே ஏற்றத்தில் 7 அடி வரை தண்ணீர் ஏறும்.

டிங்கியில், அதாவது படகோடு கொண்டுவந்த சிறு தோணியில், கரைக்குப் போனோம். ஓக் மரங்களில் சடைசடையாக ஸ்பானிஷ் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசிக் குடும்பமாம். 1959-ல் எரிந்துபோன கார்னகி குடும்பத்து டன்ஜனஸ் மாளிகையின் செங்கல் சுவர்களைப் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பும்போதுதான் மணல்மேட்டுப் பாதையின் நடுவில் ஒரு குதிரை. இங்கே குதிரைகளுக்கு யாரும் தீனி போடுவதில்லை, வைத்தியமும் இல்லை. விலா எலும்பு தெரிந்தது. அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபத்தில் அதன் காது பின்னால் மடங்கியதும் நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மணல்மேட்டில் ஏறிச் சுற்றிப்போகவும் கூடாது, புல் அழிந்தால் மணல் நகர்ந்துவிடும். முக்கால் மணி நேரம் அது மேய்ந்து முடிக்கக் காத்திருந்தோம்.

துறைக்கு வந்தால் படகு விட்ட இடத்தில் இல்லை! நங்கூரம் இழுபட்டு, பக்கத்துப் படகை உரசும் தூரத்தில் நின்றது. அந்தப் படகுக்காரர், எழுபது வயதிருக்கும், டிங்கியில் உட்கார்ந்து எங்கள் படகைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குதிரைக் கதையை ஆரம்பித்தேன். “அது அப்புறம், முதலில் நங்கூரத்தை எடுத்துத் தள்ளிப் போடுங்கள்” என்றார். இந்த முறை ஏற்றத்தின் 7 அடியையும் சேர்த்து, 23 அடிக்கு 115 அடி கயிறு விட்டோம்.

—

அண்ணா, எங்களுக்கு அங்கே குதிரை கண்ணில் படவே இல்லை. வந்தது நீர்மூழ்கிக் கப்பல்! எதிர்க்கரையில் கிங்ஸ் பே கடற்படைத் தளம் இருக்கிறதே. முன்னால் வந்த காவல் படகு ஒதுங்கச் சொன்னதும், என் மனைவி டீயைக் கொட்டிவிட்டாள். படம் எடுக்கத் தோன்றவில்லை, பயம்தான்.

—

தம்பி, டீ போனால் போகட்டும். துறைப் பக்கத்து மண் சாலையில் குனிந்து பார்த்தீர்களா? கால்வாய் தூர்வாரிக் கொட்டிய மண், அதில் பழைய சுறாப் பற்கள் கிடக்கும். எனக்கு மூன்று கிடைத்தன. என் மகளுக்கு ஒன்பது.