காஷ்மீர் அக்ரூட் மரப்பெட்டியில் விழுந்த வெடிப்பைச் சரிசெய்ய வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 2011ஆம் ஆண்டு ஸ்ரீநகரில் வாங்கி வந்த, சினார் இலைகள் செதுக்கிய அக்ரூட் மரப்பெட்டியின் மூடியில், மதுரைக் கோடையில் மரத்தின் ரேகையை (இழைக்கோட்டை) ஒட்டி விரல் நீளத்துக்கு வெடிப்பு விழுந்துள்ளது. அம்மரத்தில் வேர்ப்பகுதிப் பலகை கருமையாகவும் கிளைப்பலகை வெளிறியும் இருக்கும். எங்கள் பெட்டி கருமையானது என்பதால், வேறு மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் அந்த இடம் தனித்துத் தெரியுமோ என்று அஞ்சுகிறேன். இயல்பான ரேகையே அதன் அழகு. வார்னிஷ் பூச எனக்கு மனமில்லை. அக்ரூட் எண்ணெய் காற்றில் மெல்ல உலர்ந்து இறுகும் என்றாலும், வீட்டில் அக்ரூட் போன்ற கொட்டைப்பருப்புகளுக்கு ஒவ்வாமையுள்ள குழந்தை இருப்பதால் அதைத் தவிர்க்கிறேன். ஆளி விதை எண்ணெய் பொருந்துமா, அதை வெடிப்பை அடைக்கும் முன் பூச வேண்டுமா, பின்னரா என்பதை, இம்மரத்தில் வேலை செய்து பழகியவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.