பழைய கோர் 2 டுயோ மெஷின்: விண்டோஸ், மின்ட் எதைப் போட்டாலும் பாதியில் நின்றுவிடுகிறது

மோல்மேன்_பாடசாலை:

வணக்கம். கோயில் ஆபீசில் ரங்கூனிலிருந்து வாங்கிவந்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. நன்கொடைக் கணக்குக்கும், ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் அடிப்பதற்கும். பிராசஸர் கோர் 2 டுயோ இ8400, மதர்போர்டு க்யூ45 சிப்செட். ரேம் டிடிஆர்3: மெஷினோடு வந்த 2 ஜிபி ஒன்று, புதிதாகப் போட்ட 4 ஜிபி ஒன்று. புது 240 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டிருக்கிறது. பழைய 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் பழைய கணக்கெல்லாம் இருக்கிறது, அதுவும் உள்ளேயே மாட்டியிருக்கிறது.

விண்டோஸ் 10 64 பிட் போட்டால் கோப்புகளை எடுக்கும் கட்டத்தில் ஒரு தடவை 31 சதவீதத்தில் நிற்கிறது, மறு தடவை 68இல். கோப்பு கெட்டுவிட்டது, 80070570 என்று காட்டுகிறது. சில நேரம் நீலத்திரை, அதுவும் ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், ஒரு முறை பேஜ் ஃபால்ட். பென் டிரைவ் மாற்றியாச்சு, வேறு இடத்தில் டவுன்லோட் செய்தும் பார்த்தாச்சு. விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வரைக்கும் வருகிறது, இன்ஸ்டால் கொடுத்தால் நடுவில் அப்படியே உறைந்துபோகிறது.

இன்னும் இரண்டு விஷயம். கரண்ட் போய் வந்தால் தேதி 2009க்குப் போய்விடுகிறது. பயாஸில் (மெஷின் தொடங்கும்போது வரும் செட்டிங் திரை) மொத்த மெமரி 4 ஜிபி என்றுதான் காட்டுகிறது, 6 வரவேண்டாமா? பேசாமல் விண்டோஸ் 11 போட்டுவிடு என்கிறார் ஒருவர். போடலாமா?

---

சிப்_எண்ணி:

விண்டோஸ் 11 பேச்சை முதலில் விட்டுவிடுங்க. 24எச்2 பதிப்பிலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் இருந்தே ஆகணும். இ8400இல் எஸ்எஸ்இ4.1 வரைக்கும்தான். டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டவைக்கிற வித்தையெல்லாம் இங்கே செல்லாது, பூட்டே ஆகாது.

இப்போ உங்க வியாதி. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓன்னு டவுன்லோட் பண்ணின இன்ஸ்டால் கோப்பையோ டிரைவரையோ சந்தேகப்படலாம். உங்களுக்கு 31, 68, ரெண்டு விதமான நீலத்திரை, அதுக்கு மேல லினக்ஸும் உறையுது. ரெண்டு சிஸ்டத்துக்கும் பொதுவா இருக்கிறது ஹார்டுவேர் மட்டும்தான்.

80070570 வந்தாலே எல்லாரும் பென் டிரைவைத்தான் மாத்துவாங்க. இன்ஸ்டாலர் என்ன செய்யுதுன்னா, பல ஜிபி சுருக்கின கோப்பை ரேமுக்குள்ள கொண்டுவந்து விரிச்சு, செக்சம், அதாவது கோப்பு மாறலைன்னு காட்டுற கணக்கு, சரிபார்த்துத்தான் டிஸ்க்கில் எழுதும். ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் செக்சம் ஒத்துவராது. உடனே கோப்பு கெட்டதுன்னு சொல்லிடும். பென் டிரைவில் இருக்கிற கோப்பு நல்லாவே இருக்கும். சாதாரணமா எக்செல் திறந்து உட்கார்ந்திருக்கிற மெஷின் இன்ஸ்டாலில் மட்டும் விழுறதுக்கு இதுதான் காரணம், மெமரி முழுக்கப் புரட்டி எடுக்கிற வேலை இது.

நீங்க கடைசியில் போகிறபோக்கில் சொன்ன 4 ஜிபி கணக்குதான் எனக்கு முக்கியம். அந்தப் புது 4 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றி, கறுப்புச் சிப் எத்தனை இருக்குன்னு ரெண்டு பக்கமும் சேர்த்து எண்ணுங்க. க்யூ45, ஜி41 மாதிரி 4 சீரிஸ் சிப்செட்டுக்கு ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைக்கும்தான் தெரியும். அதனால 4 ஜிபி ஸ்டிக்னா பக்கத்துக்கு 8, மொத்தம் 16 சிப் இருக்கணும். இப்போ கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் 8 சிப், ஒவ்வொண்ணும் 4 ஜிகாபிட். அதைப் போட்டா பீப் அடிச்சு நிக்கும், இல்லைன்னா பாதியா, 2 ஜிபின்னு காட்டும். 2ம் 2ம் 4, உங்க கணக்கு அப்படியே ஒத்துப்போகுது பாருங்க. காட்டுறதாலயே அது ஒழுங்கா ஓடும்னு நம்பாதீங்க. "ஏஎம்டிக்கு மட்டும்"னு மலிவா விற்கிற ஸ்டிக்கும் இன்டெல் போர்டில் சேராது.

அதைக் கழற்றி வெச்சுட்டு பழைய 2 ஜிபியை மட்டும் போட்டுச் சோதிங்க. பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிச்சா மிச்சக் கரண்ட் இறங்கிடும். தங்கநிறப் பல்லை வெள்ளை பென்சில் ரப்பரால் மெதுவாத் தேய்ச்சு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைங்க. பேனா மையை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், பூச்சே உரிஞ்சிடும். ஸ்லாட்டுக்குள்ள சுத்தமான பிரஷ் போட்டுத் தூசி தட்டுங்க. மோல்மேன் கடலோர ஊர், மே கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் மழை, இதைச் செய்யாம ரேமைக் குப்பையில் போடக்கூடாது.

அப்புறம் மெம்டெஸ்ட்86 ப்ளஸ், ரேமைச் சோதிக்கிற புரோகிராம். மின்ட் பென் டிரைவ் பூட் மெனுவிலேயே மெமரி டெஸ்ட் இருக்கும். நாலு பாஸாவது (முழுச் சுற்று) ஓடட்டும், ராத்திரி விட்டுட்டுப் போங்க. ஒரு பாஸ் சுத்தமா வந்ததும் நிறுத்தாதீங்க, மெஷின் சூடான பிறகுதான் சில பிட் புரளும். சிவப்பு வரி ஒண்ணு வந்தாலும் போதும், அந்த ஸ்டிக்கோ ஸ்லாட்டோ கெட்டது. அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டில் போட்டா எதுன்னு தெரிஞ்சிடும்.

---

யூபிஎஸ்_காரன்:

மேலே அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. நான் தேதிக்கு வர்றேன்.

2009க்குப் போகுதுன்னா போர்டில் இருக்கிற காசு மாதிரி சிஆர்2032 பேட்டரி செத்துப்போச்சு. மல்டிமீட்டரில் புதுசு 3 வோல்ட்டுக்கு மேல காட்டும், 2.7க்குக் கீழ இருந்தா மாத்திடுங்க. தேதி மட்டும் போனா பரவாயில்லை. சுவர்க் கரண்ட் நின்னதும் பயாஸ் செட்டிங் எல்லாமே கம்பெனி நிலைக்குத் திரும்பிடும். நீங்க சாட்டா மோடை (டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐயில் வெச்சு விண்டோஸ் போட்டிருப்பீங்க, ராத்திரி கரண்ட் போகும், காலையில் அது ஐடிஇங்கிற பழைய முறையில் நிக்கும், பூட் ஆகாம, டிஸ்க்கைத் திறக்க முடியலைங்கிற 7பி நீலத்திரை அடிக்கும். இன்ஸ்டால் கெட்டுப்போச்சுன்னு மறுபடி முதலிலிருந்து போடுவாங்க. நம்ம ஊர் கரண்டுக்கு இது நடந்துக்கிட்டே இருக்கும். பேட்டரி மாத்தி, ஏஎச்சிஐ வெச்சு, சேவ் பண்ணி, ஒயரைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. செட்டிங் நின்னாத்தான் இன்ஸ்டாலைத் தொடணும். தேதி தப்பா இருந்தா பிரௌசரில் பாதி தளம் சான்றிதழ் பிழைன்னு திறக்காது, அதுக்கும் இதே மருந்து.

எதில் ஓட்டுறீங்கன்னு எழுதலையே? ஜெனரேட்டரில் நேரடியா வெச்சு இன்ஸ்டால் பண்ணாதீங்க. சதுர அலை இன்வெர்ட்டரும் ஆகாது. பிராண்ட் மெஷின் பவர் சப்ளையில் ஆக்டிவ் பிஎஃப்சின்னு கரண்டைச் சீரா இழுக்கிற சுற்று இருக்கும், சிலது அந்த அலையில் திடீர்னு அணைஞ்சிடும். நீலத்திரை இல்லாம படக்குன்னு அணைஞ்சா பவர் அல்லது சூடு, ரேம் இல்லை. 650 விஏ யூபிஎஸ் போதும், மானிட்டரோட சேர்த்து இந்த மெஷின் 100 வாட் சுற்றித்தான் இழுக்கும்.

மெஷின் ஓடும்போது மோலெக்ஸ் பிளக்கில் (சப்ளையிலிருந்து வர்ற நாலு ஒயர் பிளக்) அளந்து பாருங்க. மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75 முதல் 5.25. வெளியே போனா சப்ளையையே மாத்தணும். அதைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம், கரண்டை எடுத்த பிறகும் உள்ளே கண்டன்சரில் சார்ஜ் நிக்கும். போர்டில் பிராசஸர் பக்கத்துக் கண்டன்சர் எதுக்காவது தலை புடைச்சிருக்கா, பழுப்பா கசிஞ்சிருக்கா? இருந்தா மெம்டெஸ்ட் ஓட்டுறதே வீண்.

---

எழுத்துரு:

320 ஜிபி டிஸ்க்கின் சாட்டா ஒயரை இன்ஸ்டால் முடியும்வரை கழற்றிவையுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் தன் பூட் பகுதியைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடுவதுண்டு. பிறகு அதை எடுத்ததும் எஸ்எஸ்டி பூட் ஆகாது. கணக்குக் கோப்புக்கும் அதுவே பாதுகாப்பு.

2019 அக்டோபருக்கு முந்தைய பர்மியக் கோப்பென்றால் அநேகமாக யூனிகோட் அல்லாத ஜாவ்ஜி எழுத்துருவில் இருக்கும். புது சிஸ்டம் யூனிகோட், திறந்தால் எழுத்து கலைந்து தெரியும். தமிழ்க் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றாலும் இதே கதைதான். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்துக்கொண்டு பிறகு கைவையுங்கள். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்து நல்ல கணக்கை அழித்துவிடாதீர்கள்.

---

மோல்மேன்_பாடசாலை:

அண்ணன்மாருக்கு நன்றி. 4 ஜிபி ஸ்டிக்கில் மொத்தம் 8 சிப். கழற்றிவிட்டேன். பழைய 2 ஜிபி நாலு பாஸ், சிவப்பு இல்லை. பேட்டரி 2.4 காட்டியது, மாற்றியாச்சு, ஏஎச்சிஐ நிற்கிறது. 12 வோல்ட் 11.9. கண்டன்சர் எதுவும் புடைக்கவில்லை. 2 ஜிபியோடு இப்போது மின்ட் போடலாமா, ரேம் வரும்வரை பொறுக்கவா?

---

சிப்_எண்ணி:

மின்ட் கேட்கிற குறைந்தபட்சம் 2 ஜிபிதான், போட்டுடலாம். பிரௌசரில் நாலு டேப் திறந்தா திணறும், அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட பொது ஆதரவு முடிஞ்சது. கணக்குக்கு விண்டோஸ் மென்பொருள் கட்டாயம்னா ஒழிய நான் மின்ட்தான் சொல்வேன். லிப்ரேஆபீஸ் கூடவே வரும், தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் எம்17என்ங்கிற உள்ளீட்டுச் செயலி மூலமாச் சேர்த்துக்கலாம்.

எழுதுறதுக்கு முன்னாடி மின்ட் லைவில் (இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவிலிருந்தே ஓடுறது) டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து எஸ்எஸ்டியோட ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நலத்தைக் குறிச்சுவைக்கிறது) பாருங்க. 199ஆவது வரி, சிஆர்சி எண்ணிக்கை (ஒயர் வழியா வரும்போது தகவல் கெட்ட தடவை), இன்ஸ்டாலுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு குறிங்க. ஏறியிருந்தா டிஸ்க் மேல பழி போடாம சாட்டா ஒயரை மாத்துங்க. பென் டிரைவைப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்க. பென் டிரைவைத் தயார் பண்ற ரூஃபஸ் செயலியில் எழுதும்போது பேட் பிளாக் சோதனையையும் டிக் பண்ணிடுங்க, 32 ஜிபின்னு அச்சடிச்ச போலி டிரைவ் அதில் மாட்டிக்கும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அந்த 4 ஜிபியைத் தூக்கிப்போடாதீங்க. மூணாம் தலைமுறை ஐ3, ஐ5 போர்டில் ஓடும், கடையில் மாத்திக் கேளுங்க. ரங்கூனில் ஆர்டர் சொல்லும்போது "2 ஜிபி டிடிஆர்3, 1066 அல்லது 1333, டெஸ்க்டாப்புக்கு"ன்னு சொல்லி, பஸ் பார்சலில் போடுறதுக்கு முன்னாடி ஸ்டிக்கின் ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இங்கேயும் போடுங்க, பார்த்துச் சொல்றோம்.