அறிவு மேலாண்மை தனித் துறையா, பழைய கள்ளுக்குப் புது மொந்தையா?

மாடிவீட்டு மாணவி:
நூலக அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு பிஎச்.டி.க்குத் தலைப்பு தேடுகிறேன். அறிவு மேலாண்மை, அதாவது ஒரு நிறுவனத்தில் ஆட்களிடம் இருக்கும் அறிவைச் சேர்த்துப் பகிர்ந்து பயன்படுத்துவது, அந்தப் பக்கம் போகலாம் என்று எண்ணம், ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஒரு கட்டுரை, சொல்லில் அடங்காத அறிவு பற்றி எழுதிய மைக்கேல் பொலானியின் தத்துவத்தில் ஆரம்பிக்கிறது, அடுத்தது ஜப்பான் கம்பெனிகளில், இன்னொன்று நேராக டேட்டாபேஸில் இறங்கிவிடுகிறது. இது எப்போது, எப்படி ஒரு துறையானது? எனக்கு வழிகாட்டியாக வர இருப்பவரோ, "தகவல் மேலாண்மைக்கு வைத்த புதுப் பெயர், அவ்வளவுதான்" என்கிறார்.

கோப்புக்கட்டு:
அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாதும்மா. தகவல் அறிவியல் பேராசிரியர் டி. டி. வில்சன் 2002-லேயே இதை அடித்துத் துவைத்துவிட்டார். ஆய்விதழ்கள், ஆலோசனை நிறுவனங்களின் இணையதளங்கள், வணிகப் பள்ளிகளின் பாடத்திட்டங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, பெரும்பாலும் பெயர்ப்பலகை மாற்றம்தான், தூக்கிவிட்டது ஆலோசனை நிறுவனங்கள்தான் என்று முடித்தார். பொலானி 1958-லும் 1966-லும் எழுதியதும் சரி, மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1959-இல் அறிவுத் தொழிலாளர் பற்றி எழுதியதும் சரி, இப்படி ஒரு துறையைத் தொடங்குவதற்காக அல்ல. 1991-இல் ஸ்வீடனின் ஸ்கான்டியா காப்பீட்டு நிறுவனம் 'அறிவு மூலதனத்துக்கு' ஓர் இயக்குநரையே நியமித்தது. இந்தத் துறையின் பெயரிலேயே ஓர் ஆய்விதழ் வந்தது 1997-இல். கம்பெனி முன்னால், பல்கலைக்கழகம் பின்னால்.

வடகரை:
சார், ஜப்பானிய மேலாண்மை அறிஞர் நோனாக்காவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் எப்படி? 1991-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய ரொட்டி மெஷின் கதைதான் பலரை இந்தப் பக்கம் இழுத்தது. ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி செய்த ரொட்டி மெஷினில் மாவு சரியாகப் பிசையவில்லை, மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடாமல், இகுகோ தனகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடமே போய்க் கற்கிறார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கு கொடுப்பதைக் கவனிக்கிறார், அதற்கேற்ப மெஷினுக்குள் வரித்தகடுகள் பொருத்தப்படுகின்றன. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரும், அப்புறம் மெஷினுக்குள் போகும் என்பது நோனாக்காவின் வாதம். 2007-இல் ரிபேரோ, காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே மெஷினை எடுத்து, ரொட்டிக்காரரின் திறமை அதற்குள் போகவே இல்லை, விடுபட்டதைச் சுற்றியுள்ள மனிதர்கள்தான் நிரப்புகிறார்கள் என்று மறுத்தார்கள். ஒரே ரொட்டிக்காக 16 வருஷம் கழித்தும் சண்டை நடக்கிறது என்றால் அது வெறும் பெயர் மாற்றம் இல்லை சார்.

ஸ்பேனர்:
தியரிச் சண்டையில் நான் வரவில்லை, எனக்கு சர்வீஸ் வேலை. ஜெராக்ஸ் கம்பெனியில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் நகலெடுக்கும் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் கூடவே சுற்றி எழுதியதைத் தேடிப் படியுங்கள். மேனுவலில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள். பிறகு அங்கே யுரேகா என்று ஒரு அமைப்பு வந்தது, ஒருவர் எழுதும் குறிப்பைச் சக தொழிலாளர்களே சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரும் கூடவே நிற்கும். நான் முன்பு இருந்த கம்பெனியிலும் ஒரு போர்ட்டல் இருந்தது. அப்ரைசலுக்காக எல்லோரும் மார்ச் மாதம் பிடிஎஃப் ஏற்றுவோம், ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை.

மாடிவீட்டு மாணவி:
நன்றி. ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி, குறிப்பை எழுதுபவர் ஏன் எழுதுகிறார், படிப்பவர் ஏன் நம்புகிறார் என்பதை எடுக்கலாமா?

கோப்புக்கட்டு:
தாராளமாக எடுங்கள், ஆனால் ஏதாவது ஒரு பணிமனையில் மாதக்கணக்கில் உட்காரத் தயாராக இருக்க வேண்டும். 'கல்லூரி நூலகங்களில் அறிவு மேலாண்மை' என்று கேள்வித்தாள் கொடுத்து டிக் வாங்கி வரும் ஆய்வு மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது.