4-5 துளைகளைச் சேர்த்து இழுத்து வளைத்தால் இரண்டும் வளைகிறதா?

அருவங்காடு காற்று:
என்னிடம் இருப்பது சி கீ, பத்துத் துளை டயட்டானிக் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்). குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நீராவி எஞ்சின் கிளம்பும்போது வரும் கூவலை, 4, 5 துளைகளில் சேர்த்து மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே வளைத்து, அதாவது சுருதியைக் கீழே இறக்கி (பெண்ட்) வாசிப்பேன். போன வாரம் அதைக் கேட்ட நண்பர், "இரண்டு துளையைச் சேர்த்து பெண்ட் பண்ணவே முடியாது. ஒன்றுதான் வளையும், மற்றது கூட ஒலிக்கும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் சேர்ந்து இறங்குவதை நான் காதால் கேட்கிறேன்.

கேத்தி சுருதி:
உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு துளைக்கும் ஊதும் ரீட் (அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) ஒன்று, இழுக்கும் ரீட் ஒன்று. இழுத்து வளைக்கும்போது அந்த ஒரே துளையின் இரண்டு ரீடுமே சேர்ந்து வேலை செய்கின்றன. 1987-லேயே ராபர்ட் ஜான்ஸ்டன் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதனால் சுருதி ஊதும் ரீடுக்குச் சற்று மேலே வரைதான் இறங்கும். 4-இல் இழுத்தால் டி, ஊதினால் சி. நடுவில் சி ஷார்ப் இருக்கிறது, அதுவரை இறங்கலாம். 5-இல் இழுத்தால் எஃப், ஊதினால் ஈ. நடுவில் ஸ்வரமே இல்லை. பிறகு எங்கே இறங்கும்?

நம்பிக்கை வராவிட்டால் மேல் மூடியைக் கழற்றி, ஊதும் ரீடுகள் இருக்கும் மேல் தகட்டில் 4-ஆம் துளையின் பிளவை விரலால் மூடிக்கொண்டு இழுத்து வளைத்துப் பாருங்கள். பழைய பெண்ட் கிடைக்காது.

இன்னொன்று. வாய் ஒன்றுதான். நாக்கைப் பின்னுக்கு இழுத்து வாய்க்குள் ஒரு சுருதிக்கு இடம் அமைக்கிறோம். அதே நொடியில் இன்னொரு சுருதிக்கும் எப்படி அமைப்பது?

அருவங்காடு காற்று:
ரீட் கணக்கை ஏற்கிறேன். ஆனால் 5 கொஞ்சமாவது இறங்கும். தனியாக இழுத்தாலே கால் ஸ்வர அளவு தொய்கிறதே. அதோடு, நான் வாசிப்பது எஞ்சின் கூவல். அது முழுசாகத்தானே இறங்குகிறது?

லவ்டேல் ரயிலடி:
வண்டி நம்மை விட்டு விலகிப் போவதால்தான் கூவல் இறங்குகிறது என்று எங்கள் பக்கம் பலர் சொல்வார்கள். மலையில் அந்த வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குச் சுருதி நூற்றில் ஒரு பங்குகூட மாறாது. ஒரு அரை ஸ்வரம் இறங்க நூற்றில் ஆறு பங்கு வேண்டும். கைப்பிடியை விடும்போது நீராவி அழுத்தம் குறைவதால்தான் கூவல் தொய்கிறது. அது மொத்தமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஹார்மோனிகாவில் அப்படி வராது.

கேத்தி சுருதி:
இதில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. சி கீயில் ஜி-யை சட்ஜமாக வைத்து வாசிக்கிறவர்களுக்கு 2 இழு சட்ஜம், 4 இழு பஞ்சமம். 2-3 சேர்த்து இழுக்கும்போது 3-இல் இருக்கும் அந்தர காந்தாரத்தை அரை ஸ்வரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கு இறக்குவது அழகு. கூடவே சட்ஜமும் அசைந்தால் பாட்டுக்கு நிலம் இல்லாமல் போய்விடும். இரண்டையும் வளைப்பதைச் சாதனையாக நினைத்து வாசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அருவங்காடு காற்று:
ராகம் வாசிக்கும்போது நீங்கள் சொல்வது சரி. கூவலில் சட்ஜத்துக்கு வேலை இல்லை, சார். நேற்று ராத்திரி, ஒலியைக் கோடுகளாகக் காட்டும் ஆப்பில் 4-5 வாசித்துப் பதிவு செய்தேன். கீழ்க் கோடு கிட்டத்தட்ட அரை ஸ்வரம் இறங்கியது. மேல் கோடு லேசாகத் தொய்ந்தது. ஆக, இரண்டும் இறங்குகின்றன. ஒரே அளவில் இல்லை.

கேத்தி சுருதி:
கீழ்க் கோடு அதிகமாகவும் மேல் கோடு குறைவாகவும் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலும். டிக்கும் எஃப்புக்கும் நடுவில் இருந்த சிறிய மூன்றாவது (மூன்று அரை ஸ்வர இடைவெளி), பெரிய மூன்றாவதை (நான்கு அரை ஸ்வரம்) நோக்கிப் போகும். நீங்கள் "சேர்ந்து இறங்குகிறது" என்று கேட்டது அந்த நிறமாற்றத்தைத்தான். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சுருதியும் ஒன்றாக வளைவதாகச் சொல்லிக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

அருவங்காடு காற்று:
4-5 விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை கற்றுக்கொடுக்கும்போது "4-ஐ வளை, 5-ஐத் தொடவிடு" என்றே சொல்வேன். ஆனால் 3-4 வேறு கதை. 3-இல் இழு பி, ஊது ஜி. மூன்று அரை ஸ்வரம் இறங்க இடம் இருக்கிறது. 4-இலும் ஒன்று இறங்கும். மெதுவாக, ஆழமாகப் போகாமல் வளைத்தால் இரண்டும் அரை ஸ்வரம் சேர்ந்து இறங்குவதாக எனக்குக் கேட்கிறது.

கேத்தி சுருதி:
பதிவு செய்து போடுங்கள், கோடுகளோடு. வாய் ஒன்று என்ற என் வாதம் அங்கே தோற்றால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.

லவ்டேல் ரயிலடி:
தம்பி, பதிவில் 4-ஐத் தனியாகவும் ஒருமுறை வாசியுங்கள். தனியாக எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால்தான் சேர்த்து வாசித்ததை ஒப்பிட முடியும்.