சங்கத்தைக் கட்சியாகப் பதிந்தால் சின்னம் நிலைக்குமா?

கன்னடியன் கால்வாய்க்காரன், சேரன்மகாதேவி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைக்கிற ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். மாவட்டப் பதிவாளரிடம் முறைப்படி பதிந்ததுதான். கால்வாயில் முளைக்கிற கருவேலத்தை வெட்டுவது, கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் ஆபீசில் போய் உட்காருவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஆள் ஒருவர் சுயேச்சையாக நின்று ஒன்றியக் கவுன்சிலர் ஆகிவிட்டார். அதிலிருந்து பையன்கள் கட்சி ஆரம்பிக்கலாம் என்று நிற்கிறார்கள்.

சங்கப் பதிவே போதுமா, தனியாகப் பதிய வேண்டுமா? பதிந்துவிட்டால் சின்னம் நமக்கே என்று ஆகிவிடுமா? இதற்கு நடுவில் பெரிய கட்சிக்காரர் ஒருவர், "எங்க சின்னத்துல நில்லுங்க, ஒரு சீட்டு பேசி வாங்கித் தாரேன்" என்கிறார். அதில் என்ன நட்டம் என்று பாதிப் பேர் கேட்கிறார்கள்.

வடக்கன்குளத்தான்:

தம்பி, சங்கமாகவே இருங்கள். 2016இல் ராதாபுரம் 49 ஓட்டில் முடிவானது ஞாபகம் இருக்கிறதா? சங்கமாக இருந்தால் அந்த 49 ஓட்டுக்காக எல்லாக் கட்சிக்காரனும் உங்கள் கால்வாய்க்கரைக்கு வருவான். கட்சி ஆகிவிட்டீர்கள் என்றால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான்.

கொக்கிரகுளம் டிடிபி கடை:

வடக்கன்குளத்து அண்ணாச்சி சொல்வதில் அரசியல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தம்பி கேட்டது வேறு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கடை போட்டுக் கட்சி, சங்கம், கோயில் கமிட்டி என்று எல்லாருக்கும் பேப்பர் அடித்துக் கொடுக்கிறவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு என்பது காகித வேலை. அங்கீகாரம் ஓட்டு எண்ணிக்கையில் வருவது. நம் ஊரில் போஸ்டரில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போடுகிறவர்களில் பாதிப் பேர் வெறும் பதிவுதான் வைத்திருப்பார்கள்.

சங்கப் பதிவு இதற்குச் செல்லாது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் டெல்லியில் இருக்கிற தேர்தல் கமிஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்சி தொடங்கிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அதனால் பேப்பர் தயாராகும் முன்னால் அம்பாசமுத்திரத்தில் மைக் கட்டி "இன்று முதல் கட்சி" என்று அறிவித்துவிடாதீர்கள். 10,000 ரூபாய்க்கு டிடி, கட்சியின் சட்டதிட்டம், அதில் அரசியலமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் கட்டுப்படுகிறோம் என்கிற வாசகம், ஐந்து வருஷத்துக்குள் ஒரு தேர்தலிலாவது நிற்போம் என்கிற உறுதி, பொறுப்பாளர்களை உள்கட்சித் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுப்போம் என்கிற விதி. இதெல்லாம் மாதிரி பார்த்து அடித்துவிடலாம். அப்புறம் பத்திரிகைகளில் இரண்டு நாள் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். செலவு டிடியில் இல்லை, அந்த விளம்பரத்தில்தான் இருக்கிறது.

உண்மையான தலைவலி நூறு உறுப்பினர். நூறு பேரும் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், பதிவு பெற்ற வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஆள் கிடைப்பது பெரிதல்ல. நம் பக்கத்தில் ஒரு கட்சி கார்டும் இல்லாத ஆம்பளையைத் தேடுவதுதான் கஷ்டம். ஒருமுறை என் கடையில் ஒருவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பேனாவோடு சட்டைப்பையிலிருந்து வேறு கட்சியின் உறுப்பினர் அட்டையும் வந்து மேசையில் விழுந்தது. லேமினேஷன்கூடப் புதுசு. நோட்டரி பார்த்துச் சிரித்துவிட்டு, "மொதல்ல அங்க ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வாரும் வே" என்று அனுப்பிவிட்டார். பீடி சுற்றுகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேரைக் கேளுங்கள். பெரும்பாலும் எந்தக் கட்சியும் அவர்களுக்கு அட்டை கொடுத்திருக்காது. வாக்காளர் அட்டையில் இருக்கிற மாதிரியே பெயரும் இனிஷியலும் அடிக்க வேண்டும். அடைமொழி, பட்டப்பெயர் எல்லாம் வேண்டாம்.

சரி, பதிந்தாயிற்று. சின்னம்? நிரந்தரமாகக் கிடைக்காது. அது அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான். பதிவு மட்டும் உள்ள கட்சி, சட்டசபையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதிலிருந்து பொதுச் சின்னம், அதாவது அந்தத் தேர்தலில் தன் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம் கேட்டு எழுதலாம். 234இல் 5 விழுக்காட்டு இடங்களில், அதாவது 12 தொகுதியில் ஆள் நிறுத்த வேண்டும். பழைய நெல்லை மாவட்டம் முழுக்கச் சேர்த்தால் பத்துத் தொகுதி. தாமிரபரணி போகிற வழியிலேயே நீங்களும் போய் ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரி. டெபாசிட் மட்டும் 1,20,000 ரூபாய், எந்தத் தொகுதியானாலும் பட்டியலின, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி.

முந்திக் கேட்டவருக்கே சின்னம். 2024இல் நாம் தமிழருக்குக் கரும்பு விவசாயி போய் மைக் வந்தது இப்படித்தான். ஆனால் அதே மைக்கில் 8 விழுக்காட்டைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரமும் வாங்கிவிட்டார்கள்.

அங்கீகாரத்துக்கு வழி பல. சட்டசபைத் தேர்தலில் 6 விழுக்காடு ஓட்டோடு இரண்டு எம்.எல்.ஏ., இல்லையென்றால் ஓட்டு எவ்வளவானாலும் 3 விழுக்காட்டு இடங்கள், நம் மாநிலத்துக்குக் குறைந்தது ஏழு. மக்களவை என்றால் 6 விழுக்காடும் ஒரு எம்.பி.யும், அல்லது 25 தொகுதிக்கு ஒருவர் கணக்கில் இரண்டு எம்.பி. ஒரு இடமும் ஜெயிக்காமல் 8 விழுக்காடு வாங்கினாலும் போதும் என்பது 2011இல்தான் சேர்ந்தது. 2006இல் தேமுதிக 8 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி விருத்தாசலத்தில் ஜெயித்தும் அங்கீகாரம் இல்லாமல் நின்றது அதனால்தான்.

6 விழுக்காடு என்றால் சின்னதாகத் தெரியும். 2021இல் விழுந்த ஓட்டு நாலரைக் கோடிக்கு மேல். 27 லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும். நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டத்து வாக்காளர் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரும் உங்களுக்கே போட்டாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். ஒன்றியக் கவுன்சிலர் வெற்றி இந்தக் கணக்கில் வரவே வராது, உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தோடது.

கடைசியாக அந்த ஒரு சீட்டு. நட்டம் என்ன என்று கேட்டீர்கள். 2025இல் தேர்தல் கமிஷன், ஆறு வருஷமாக எந்தத் தேர்தலிலும் நிற்காத கட்சிகள் என்று ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 கட்சிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தது. செப்டம்பர்ப் பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் இருந்தன. 2021இல் இரண்டு கட்சியிலும் எம்.எல்.ஏ. ஆனார்கள். ஆனால் நின்றது உதயசூரியனில். இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கிற ஏ ஃபார்ம், பி ஃபார்மில் யார் கையெழுத்தோ அந்தக் கட்சி வேட்பாளர் என்றுதான் கமிஷன் கணக்கு வைக்கும். விடுதலைச் சிறுத்தைகளைப் பாருங்கள். 2019இல் ஒருவர் பானையில், ஒருவர் உதயசூரியனில். 2024இல் இரண்டு பேரும் பானையிலேயே நின்று ஜெயித்தார்கள், அங்கீகாரம் வந்தது. அதே கூட்டணிதான், சின்னம்தான் மாறியது.

தென்காசி ஆடிட்டர்:

டிடிபி அண்ணாச்சி சொல்லாமல் விட்டது கணக்கு. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்கள் பட்டியல், தணிக்கை அறிக்கை இரண்டும் வருஷா வருஷம் போக வேண்டும். தேர்தலில் நின்றால் செலவுக் கணக்கு சட்டசபைக்கு 75 நாளில், மக்களவைக்கு 90 நாளில். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கினால் வருமான வரி விலக்கு போய்விடும். வசூலே இல்லாத வருஷத்திலும் இல்லை என்று எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் கொடுத்த விலாசத்தில் ஆளே இல்லை என்று நிறையக் கட்சிகளை நீக்கினார்கள். வாடகை வீட்டு விலாசம் கொடுத்துவிட்டு வீடு மாறினால் உடனே கமிஷனுக்கு எழுத வேண்டும்.

கன்னடியன் கால்வாய்க்காரன்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றிங்க ஆடிட்டர். 12 தொகுதி இப்போதைக்கு ஆகாது. பதிந்துவிட்டு அம்பையில் மட்டும் ஒருவரை நிறுத்தினால் பதிவு நிற்குமா? அதில் சுயேச்சையைவிட என்ன லாபம்?

கொக்கிரகுளம் டிடிபி கடை:

நிற்கும். உங்கள் கட்சி பெயரில் பி ஃபார்ம் கொடுத்து ஒருவர் நின்றாலே தேர்தலில் நின்ற கட்சிதான். பொதுச் சின்னம் கிடைக்காது, ஆனால் தொகுதியில் மிச்சம் இருக்கிற சின்னத்தில் சுயேச்சைக்கு முன்னால் உங்களுக்குத்தான் கொடுப்பார்கள். எந்திரத்தில் பெயரும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு அடுத்து, சுயேச்சைகளுக்கு மேலே வரும். முன்மொழிய மட்டும் சுயேச்சை மாதிரியே பத்துப் பேர் வேண்டும், எல்லாரும் அம்பைத் தொகுதி வாக்காளராக இருக்கட்டும். சேரன்மகாதேவி அந்தத் தொகுதிதான் என்பதால் உங்களுக்குக் கஷ்டமில்லை. வீரவநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகவே கூட்டிப் போங்கள், ஒரு கையெழுத்து தள்ளுபடியானாலும் மனு நிற்கும்.