தத்துப்பூச்சியா, இலைத்துள்ளியா, சிறுசிள்வண்டா?

ஐயா வணக்கம், லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும், லீஃப்ஹாப்பர்ங்கிற, செடியில சாறு உறிஞ்சித் துள்ளுற குட்டிப் பூச்சிக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு இங்க நடந்த பேச்சை நேத்து ராத்திரிதான் ஒரே மூச்சுல படிச்சேன். இலைத்துள்ளி, இலைத்தாவி, சிறுசிள்வண்டுனு ஆளுக்கொரு சொல் போட்டிருக்கீங்க, ஆனா வயல்ல ஏற்கெனவே ஒரு பேர் நடமாடிட்டு இருக்கே, தத்துப்பூச்சி, அதை ஏன் யாரும் கையில எடுக்கலைன்னுதான் எனக்குப் புரியல. நெல்லுல பச்சைத் தத்துப்பூச்சி, மாம்பூவுல அடையறது மாமரத் தத்துப்பூச்சி, பருத்தியிலயும் வெண்டையிலயும் வெறும் தத்துப்பூச்சி. விவசாயம் படிச்சவங்க ஜாசிட்டும்பாங்க, அது இந்தப் பூச்சிக் குடும்பத்துக்கு இருந்த ஜாசிடேங்கிற பழைய ஃபேமிலி பேரோட மிச்சம்.

'தத்து'ன்னா தத்தெடுக்கிறதுதான் ஞாபகம் வருதுனு தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார், சிரிச்சுட்டேன். அந்தத் தத்து வடமொழி வழியா வந்தது, இது வேற. குழந்தை தத்தித் தத்தி நடக்குது, தவளை தத்தித் தத்திப் போகுதுனு சொல்றோமே அந்தத் தத்து, சுத்தமான தமிழ் வினை. குதிக்கிறதுக்குப் பொருத்தமான சொல்லும் அதுதான்.

சிறுசிள்வண்டுக்கு வர்றேன். சிகாடெல்லாங்கிற லேட்டின் சொல்லுக்கு 'குட்டி சிகாடா', அதாவது குட்டிச் சிள்வண்டுன்னுதான் அர்த்தம், அதுல தப்பில்ல, உயிர்களுக்கு ரெட்டை லத்தீன் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758-ல இந்தக் கூட்டத்துல ஒண்ணைப் பதியறப்போ சிகாடா விரிடிஸ்னே சிள்வண்டு ஜீனஸ்லதான் (பேரினம்) சேர்த்தார், பின்னாடி வந்தவங்க பிரிச்சு சிகாடெல்லானு தனி ஜீனஸ் ஆக்குனாங்க, அந்த ஜீனஸ் பேர்லேர்ந்துதான் சிகாடெல்லிடேங்கிற ஃபேமிலி பேரு. ஆனா தமிழ்ல சிள்வண்டுங்கிற பேர்ல பாதி சத்தம், பாதி வண்டு. இது வண்டும் கிடையாது, நம்ம காதுக்கு சிள்ளுன்னு கேக்கவும் செய்யாது. இதுங்க பேசிக்கிறது தண்டு வழியா அதிர்வு அனுப்பித்தான், செடியே டெலிபோன் ஒயர் மாதிரி. அப்போ பேர்ல எது மிஞ்சும், 'சிறு' மட்டும்தான்!

நாம ரெண்டு வேலையப் போட்டுக் குழப்பிக்கிறோம்னு தோணுது. சிகாடெல்லிடேங்கிறது உலகம் பூரா ஒரே பேரு, அதை மொழிபெயர்க்கவே வேண்டாம், தமிழ் எழுத்துல அப்படியே எழுதிட்டுப் போகலாம். டே-ல முடிஞ்சா ஃபேமிலி, னே-ல முடிஞ்சா அதுக்குக் கீழ சப்ஃபேமிலி, டெல்டோசெஃபாலினே மாதிரி, அந்த ஒழுங்கும் கெடாது. நமக்கு வேண்டியது பொதுப்பேர் மட்டும்தான். இந்த ஒரு ஃபேமிலியில பேர் வச்ச ஸ்பீஷிஸே 20,000-க்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் பேர் வைக்கக் கிளம்புனா நம்ம ஆயுசு பத்தாது.

பொதுப்பேர்ல உண்மையான சிக்கல் எங்கன்னா, இங்கிலீஷ்காரன் லீஃப்ஹாப்பர், பிளான்ட்ஹாப்பர், ட்ரீஹாப்பர், ஃப்ராக்ஹாப்பர்னு அடுக்கி வச்சிருக்கான், அதை அப்படியே இலைத்துள்ளி, செடித்துள்ளி, மரத்துள்ளி, தவளைத்துள்ளினு மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். இலையில இருக்கிறது எதுவும் செடியில இல்லையா என்ன? மாம்பூவுல இருக்கிறதை இலைத்துள்ளினு எப்படிச் சொல்றது? தவளைத்துள்ளினு கேட்டா குட்டித் தவளைனுதான் நினைப்பாங்க, அந்தப் பூச்சியோட குஞ்சு பின்பக்கத்துலேர்ந்து நுரைய விட்டு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், நுரைப்பூச்சினு சொன்னா பார்த்தவங்களுக்கு உடனே புரியும்.

பிளான்ட்ஹாப்பருக்கு நெல்லு வயல்லயே பேர் இருக்கு, புகையான். தூர்ல கூட்டமா உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பயிர் வட்டம் வட்டமா தீய்ஞ்ச மாதிரி ஆயிடும், அதனால வந்த பேர். ஆனா அதுக்கு நெருங்கின சொந்தமான வெள்ளை முதுகுப் பூச்சியை மட்டும் தத்துப்பூச்சினு எழுதிடறாங்க, இங்கதான் வம்பு. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பறது துங்ரோங்கிற நெல் வைரஸ் நோய், புகையான் பரப்பற வைரஸ் வேற, பேர் ஒண்ணாயிட்டா நோயும் ஒண்ணுனு நினைச்சுக்குவாங்க. அதனால வெண்முதுகுப் புகையான்னு மாத்திடலாம்ங்கிறது என் கட்சி. லென்ஸ் வச்சுப் பார்த்தா பிரிக்கிறதும் சுலபம்: புகையானுக்கு உணர்கொம்பு கண்ணுக்குக் கீழ இருக்கும், பின்னங்கால்ல சேவல் முள்ளு மாதிரி அசையற முள் ஒண்ணு இருக்கும். தத்துப்பூச்சிக்கு அந்த ஒத்தை முள் கிடையாது, பின்னங்கால் நெடுக வரிசை வரிசையா முள்ளு, சீப்பு மாதிரி. அதைச் சீப்புக்கால்னே சொல்லலாமே? தத்துப்பூச்சி நண்டு கணக்கா பக்கவாட்டுல நழுவுற குணத்தை வச்சே பாதி ஜனங்க கண்டுபிடிச்சுடுவாங்க, அது வேற விஷயம்.

ட்ரீஹாப்பருக்கு கொம்புத் தத்துப்பூச்சி. முதுகுல கொம்பு இருக்குங்கிறதால மட்டும் சொல்லல. டிஎன்ஏ வச்சுப் பார்த்ததுல அந்தக் கிளையே தத்துப்பூச்சிகளுக்குள்ளேர்ந்துதான் பிரிஞ்சு வந்திருக்கு, ஃபேமிலி தனின்னு புஸ்தகத்துல இருந்தாலும் பேர்ல உறவு தெரியறது நல்லதுதான். மரத்துள்ளினு வச்சா அது தெரியாது.

மொத்தக் கூட்டத்துக்கும், அதாவது சிள்வண்டு புகையான் எல்லாம் சேர்த்து, ஊர்வன பறப்பன மாதிரி 'தத்துவன'ன்னு வச்சா எவ்வளவு அழகுன்னு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அவசரத்துல படிச்சா தத்துவம்னு வாசிப்பாங்க, சிள்வண்டுக்கு தத்துறதும் பெரிசா வராது, விட்டுட்டேன்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. தத்துப்பூச்சி தன் உடம்பு பூரா ஒரு பொடியைப் பூசிக்கும், பிரோக்கோசோம்னு பேரு, கழிவுக்குழல்லேர்ந்து வர்ற புரதம், ஒவ்வொண்ணும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சின்ன உள்ளீடில்லாத பந்து, மேல தேன்கூடு போட்ட மாதிரி குழி. தண்ணி ஒட்டாம இருக்க உதவுது. அதை எடுத்து இழுத்துப் பூசறது அந்தச் சீப்புக்கால்தான், பேர் சும்மா வைக்கல பாருங்க. கிரேக்கத்துல வலைக்கண், உடல்ங்கிற ரெண்டு சொல் சேர்ந்தது, நான் 'வலைமணி'ன்னு சொல்றேன். வலையுடலம்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி இதைப் பத்தி உங்க கருத்தைச் சொல்லிடுங்க ஐயா.