நிலக்கரிச் சுரங்க வழக்குகள்: சட்டம் அறிந்தோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். "நாங்கள் தோண்டாவிட்டால் வேறொருவர் தோண்டுவார், ஆகவே புவி வெப்பமடைவதில் எங்கள் சுரங்கத்துக்குப் பங்கில்லை" என்ற வாதத்தை நீதிமன்றங்கள் எவ்வாறு அணுகின என்பது குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். 2019-இல் ஆஸ்திரேலியாவின் ராக்கி ஹில் நிலக்கரிச் சுரங்கத் திட்டம் குறித்த வழக்கில் நீதிபதி பிரையன் பிரஸ்டன் இதை ஏற்கவில்லை. 2024-இல் இங்கிலாந்தின் கம்பிரியா சுரங்கத்துக்கான அனுமதியை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததற்கு, தோண்டியெடுக்கும் நிலக்கரி எரிக்கப்படும்போது வெளியாகும் உமிழ்வு மதிப்பிடப்படாததே முக்கியக் காரணம். ஆனால் அதே ஆண்டில், நரபிரை, மவுண்ட் பிளெசன்ட் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கங்கள் குறித்து இதே வாதத்தை ஏற்ற சுற்றுச்சூழல் அமைச்சரின் முடிவில் தலையிட ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்துவிட்டது; இது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

ராக்கி ஹில்லில் நீதிபதியே திட்டத்தின் நிறைகுறைகளை எடைபோட்டார். நரபிரை, மவுண்ட் பிளெசன்ட் வழக்கில் அமைச்சர் முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா என்பது மட்டுமே ஆராயப்பட்டது. முரண்பாட்டுக்கு இந்த வேறுபாடு ஒன்றே போதிய விளக்கமாகுமா? தீர்ப்புகளை முழுமையாகப் படித்தவர்கள், தொடர்புடைய பத்தி எண்களுடன் தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும்.